கண் படங்களில் 28-க்கு 11: தம்பிக்குப் பிறர் மனம் புரியவே புரியாதா?

பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற ஊர் ஒன்றிலிருந்து 27 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் இரவு வேலை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் 9 வயதுத் தம்பியை இவர்தான் வளர்க்கிறார். தம்பி ஓய்வு நேரத்தில் தனியாகத்தான் சாப்பிடுவான். பள்ளி வேன் தாமதமானால் அழுது அடம்பிடிப்பான். தோட்டத்துக்குள் வந்துபோகும் லோரிகளின் எண்களை வரிசையாக ஒப்பிப்பான். திருவிழாவில் உறுமிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

வகுப்பாசிரியர் சொன்னதால் ஒரு தனியார் மையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே 50 நிமிடத்தில், ஆங்கிலத்தில், மூன்று சோதனைகள். பொம்மைக் கதையில் தவறான பதில். கண் படச் சோதனையில் 28-க்கு 11. சங்கடக் கதைகளில் 10-க்கு 3. 'பிறர் மனத்தை உணரும் திறன் இல்லை. ஆட்டிசம். சிறப்பு வகுப்பு பரிந்துரைக்கப்படுகிறது' என்று அறிக்கை வந்திருக்கிறது. கூடவே 24 அமர்வுகளுக்கு 4,800 வெள்ளியில் ஒரு பயிற்சித் திட்டம். பள்ளி, சிறப்புக் கல்விக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து கேட்கிறது. அப்பாவோ "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்று அறிக்கையைத் தொடவே மறுக்கிறார். வீட்டில் அதே பொம்மைக் கதையைத் தமிழில் சொன்னபோது தம்பி சரியாகச் சொல்லிவிட்டான். 'எதை நம்புவது? கையெழுத்துப் போடலாமா? மையத்தில் சொன்னதுபோல் அவனுக்கு எங்கள்மேல் பாசமே வராதா?' என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த மூன்று சோதனைகளில் எதுவும் பாசத்தை அளப்பதில்லை. இன்னொருவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது ஒரு திறன். அவர் வருந்தும்போது தானும் வருந்துவது வேறொன்று. முதலாவதில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்கு இரண்டாவது குறைவில்லாமல் இருக்கிறது. உங்கள் கையில் கத்தி பட்டு ரத்தம் வந்த அன்று தம்பி இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'பாசம் வராது' என்று சொன்னவர் எந்தச் சோதனையின் பேரிலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. அந்த வாக்கியத்தை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

இனி எண்களுக்கு வருவோம். நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: அந்த மதிப்பெண்களை ஒதுக்கிவிடலாம், உங்கள் கவலையை ஒதுக்க முடியாது.

28-க்கு 11 என்ன சொல்கிறது?

கண் படச் சோதனையில் முகத்தின் கண் பகுதியை மட்டும் காட்டி, நான்கு சொற்களில் எது பொருந்தும் என்று கேட்பார்கள். பிரிட்டனில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் உருவாக்கியது. 2001-இல் வந்த பெரியவர்களுக்கான திருத்திய வடிவத்தில் 36 படங்கள், சிறுவர் வடிவத்தில் 28. நான்கில் ஒன்று என்பதால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக 7 சரியாகிவிடும். அதிர்ஷ்டம் கொஞ்சம் கைகொடுத்தால் 10, 11 வரைகூடப் போகும். ஆக, 11 என்பது 'முயன்று தோற்றான்' என்று காட்டுவதைவிட, பல படங்களில் சொற்களே புரியாமல் எதையோ தொட்டிருக்கலாம் என்பதைத்தான் காட்டுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் தமிழில் புழங்கும், ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படிக்கும் 9 வயதுப் பையனுக்கு, நுணுக்கமான மனநிலைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இது என் ஊகம் மட்டும் அல்ல. ஆங்கிலமே தாய்மொழியான பெரியவர்களிடம்கூட, சொல்வளமும் கல்வியும் கூடக்கூட இந்த மதிப்பெண்ணும் கூடுகிறது. படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானிய மாணவர்கள் ஜப்பானியக் கண்களையும் அமெரிக்க மாணவர்கள் அமெரிக்கக் கண்களையும் கூடுதலாகச் சரியாகப் படித்தார்கள். 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு அடிப்படையையே அசைத்தது. இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைவதற்கு ஆட்டிசத்தைவிட, தன் உணர்ச்சிக்குத் தானே பெயர் சொல்லத் தெரியாத தன்மைதான் நெருங்கிய காரணம் என்று அது காட்டியது. அந்தத் தன்மை ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இருக்கும்.

அப்பா வேலை செய்யும் ஆலையின் எடைமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே லோரியைப் பத்து முறை ஏற்றினாலும் அதே எடையைக் காட்டும். ஆனால் குலையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அது சொல்லாது. மறுபடி மறுபடி ஒரே எண்ணைத் தருவது நம்பகத்தன்மை. எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதையே அளப்பது ஏற்புடைமை. உங்கள் தம்பியின் 11, பிறர் மனம் அறியும் திறனை அளந்ததா, ஆங்கிலச் சொல்லறிவை அளந்ததா என்று அந்த அறிக்கையை வைத்துப் பிரிக்கவே முடியாது.

ஏற்புடைமை என்பது ஒரு சோதனை ஒருமுறை வாங்கி எல்லா இடத்திலும் காட்டிக்கொள்ளும் சான்றிதழ் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யாருக்கு, எந்த மொழியில், எந்த முடிவுக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அது இருக்கும். ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் நிபுணர்கள் தேர்ந்தெடுத்த, பிறர் மனத்தையும் உணர்ச்சியையும் அறியும் திறனுக்கான 8 சோதனைகளை ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்தபோது, சிகிச்சை ஆய்வுகளுக்குத் தகுதியானவை என்று தேறியவை இரண்டு மூன்றுதான். குழு ஆராய்ச்சிக்கென்று உருவான கருவியை ஒரு தனிப் பிள்ளையின் வகுப்பை மாற்றப் பயன்படுத்துவது, அதைத் தாங்காத இடத்தில் பாரம் ஏற்றுவது.

பொம்மைக் கதையும் சங்கடக் கதைகளும்

பொம்மைக் கதை இதுதான். ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறது. முதல் பொம்மை திரும்பி வந்ததும் எங்கே தேடும்? 1985-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த 16-ஐத்தான். சரியாகச் சொன்ன 4 பேரும் ஆட்டிசம் உள்ளவர்களே. அதே ஆய்வில் ஆட்டிசமோ வேறு குறைபாடோ இல்லாத 27 பிள்ளைகளில் 4 பேர் தவறினார்கள். தேறினால் ஆட்டிசம் இல்லை என்றும் ஆகாது, தவறினால் உண்டு என்றும் ஆகாது.

கதையைக் கேட்டு முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டிருக்க வேண்டும்: பொம்மை எங்கே தேடும், குண்டு உண்மையில் இப்போது எங்கே இருக்கிறது, முதலில் எங்கே இருந்தது. பின்னிரண்டுக்கும் சரியாகச் சொல்லாத பிள்ளையின் முதல் பதிலைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. கதை புரியவில்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கு வந்த அறிக்கையில் அந்த இரண்டு பதில்களும் இல்லை. கேள்வியைக் கேட்கும் விதமும் பதிலை மாற்றும். 'எங்கே தேடும்?' என்பதை 'முதலில் எங்கே தேடும்?' என்று மாற்றியதுமே 3 வயதுப் பிள்ளைகள் பலர் சரியாகச் சொல்லத் தொடங்கியதை 1991-இல் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியாததா, கேட்டவர் தெளிவாகக் கேட்கவில்லையா என்ற சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும்.

நீங்கள் வீட்டில் தமிழில் சொன்னபோது சரியாகச் சொன்னானே, அதற்கு மதிப்பு உண்டா? உண்டு, ஓரளவுக்கு. மொழிதான் குறுக்கே நின்றது என்ற சந்தேகத்தை அது வலுவாக்குகிறது. ஆனால் அவனுக்கு அது இரண்டாம் முறை. தவிர, பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதை ஒட்டியே தேறிவிடும் சோதனை அது. 9 வயதில் தேறுவதை வைத்து 'ஒன்றும் இல்லை' என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சங்கடக் கதைகள் என்பவை, ஒருவர் தெரியாமல் பிறர் மனம் நோகப் பேசிவிடும் சிறு கதைகள். 'இதில் யாராவது சொல்லக் கூடாததைச் சொன்னார்களா?' என்று கேட்பார்கள். இந்தத் திறன் 7 வயதுக்கும் 11 வயதுக்கும் இடையில்தான் படிப்படியாக வளர்கிறது, அதிலும் சிறுமிகள் சற்று முந்துகிறார்கள். 9 வயதுச் சிறுவன், பழகாத மொழியில், கதையின் பின்னணி வாழ்க்கையும் பழகாமல் 3 வாங்கியதில் அதிசயம் இல்லை. அதே அளவு சங்கடம் இல்லாத கதைகளையும் கலந்து கேட்டார்களா, கதை நினைவிருக்கிறதா என்று தனியாகக் கேட்டார்களா என்பதும் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் தம்பிக்குக் காதில் அடிக்கடி சீழ் வந்ததாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுவாக இருக்கக்கூடும். கேட்கும் திறனுள்ள பெற்றோருக்குப் பிறந்த செவித்திறனற்ற பிள்ளைகள் பொம்மைக் கதையில் வெகுவாகப் பின்தங்குகிறார்கள். சைகை மொழியைப் பிறப்பிலிருந்தே வீட்டில் பேசி வளரும் செவித்திறனற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பின்னடைவு இல்லை. அதாவது, பிறர் மனத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு காதில் விழுந்தது என்பதே இந்த மதிப்பெண்ணை மாற்றிவிடும். செவித்திறன் பரிசோதனை முதல் வேலை. கண் பரிசோதனையும் கூடவே.

அப்படியானால் தம்பிக்கு ஒன்றும் இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அப்பா அறிக்கையை நம்பாதது ஒருவகையில் சரிதான். ஆனால் அறிக்கை பலவீனமானது என்பதால் பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்று ஆகிவிடாது. வழக்கம் மாறினால் தாங்க முடியாமை, ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, சத்தத்தைத் தாங்க முடியாமை, சக பிள்ளைகளோடு சேராமை ஆகிய நான்கையும் நீங்கள் சோதனை அறையில் பார்க்கவில்லை, வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் பார்த்திருக்கிறீர்கள். ஆட்டிசத்தைக் கண்டறியும் மருத்துவ அளவுகோலான டி.எஸ்.எம்-5 கேட்பதும் இத்தகைய தகவலைத்தான். பல சூழல்களில் தொடரும் சமூகத் தொடர்புச் சிக்கல், திரும்பத் திரும்ப வரும் நடத்தை வகைகள் நான்கில் குறைந்தது இரண்டு, சிறு வயதிலேயே தொடக்கம். பொம்மைக் கதையும் கண் படமும் அந்த அளவுகோலில் எங்குமே இல்லை. அம்மாவின் இழப்பும் அதே வயதில் வந்திருப்பதால், துயரத்தால் ஒதுங்குவதையும் இயல்பால் ஒதுங்குவதையும் பிரித்துப் பார்க்கப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

அதற்கான வழி அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தொடங்குகிறது. அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ போகலாம். முறை வர மாதங்கள் ஆகலாம், அதனால் இந்த வாரமே பெயர் கொடுங்கள். செவித்திறன் பரிசோதனையையும் அதே கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். இரண்டு வாரம் போதும். எப்போது, எங்கே, யாரோடு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கினான் என்று எழுதினால் போதும், 'அடம்பிடித்தான்' என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் தனியாக விளையாடுவது, உறவினர் பிள்ளையோடு விளையாடுவது இரண்டையும் கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடம் எடுத்து வையுங்கள். குழந்தைப் பருவச் சுகாதாரப் பதிவுப் புத்தகம் இருந்தால் தேடுங்கள். எப்போது முதல் சொல் வந்தது, ஒன்றரை வயதுக்குள் பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டினானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா என்றெல்லாம், அம்மா இருந்திருந்தால் மருத்துவர்கள் அவரிடம் கேட்டிருப்பார்கள். இப்போது பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ, பக்கத்து லயத்தில் அவனைத் தூக்கி வளர்த்தவரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியரிடமும் அரைப் பக்கம் வாங்குங்கள்.

மதிப்பீட்டை அவன் பேசும் மொழியில் செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். தமிழ் தெரிந்த அலுவலர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்க முன்வராதீர்கள். உங்கள் குரலும் முகமும் அவனுக்கு விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். விளையாட்டும் உரையாடலுமாக 40 முதல் 60 நிமிடம் கவனிக்கும் ஏ.டி.ஓ.எஸ் என்ற முறையை எல்லா இடத்திலும் செய்வதில்லை. அது இல்லாவிட்டாலும் வளர்ச்சி வரலாறு, நேரடிக் கவனிப்பு, பள்ளித் தகவல் மூன்றும் சேர்ந்தால் அனுபவமுள்ள நிபுணரால் முடிவுக்கு வர முடியும்.

கையெழுத்தும் 4,800 வெள்ளியும்

இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். முதலில், நீங்கள் அக்கா. சட்டப்படி பாதுகாவலர் அப்பா, விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். இரண்டாவதாக, 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள் தகுதியுள்ள மருத்துவரோ உளவியல் நிபுணரோ உறுதிப்படுத்திய பிள்ளையைப் பற்றியே பேசுகின்றன. ஆங்கிலத்தில் செய்த மூன்று சோதனைகளை அப்படிப்பட்ட உறுதிப்பாடாக நான் ஏற்க மாட்டேன். நாளைக்கு முறையான மதிப்பீடு சிறப்பு வகுப்பைப் பரிந்துரைத்தால், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு உட்காரும் உள்ளடங்கிய கல்வித் திட்டமும் உண்டு. கணக்கில் வகுப்பிலேயே முன்னணியில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் இப்போது அவசரம் இல்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் அந்தப் பதிவு விருப்பத்தைப் பொறுத்தது. தேவைப்படும்போது சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ளலாம்.

தலைமையாசிரியர் பிள்ளையின் மேல் அக்கறையோடுதான் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'மருத்துவமனையில் பெயர் கொடுத்திருக்கிறோம், முடிவு வந்ததும் தருகிறோம்' என்று அப்பா கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். முழு அறிக்கையைக் கொடுக்க வேண்டியதில்லை. அதே கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள்: வேலைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதிப் போடுவது, கால அட்டவணை மாறினால் முதல் நாளே சொல்வது, ஓய்வு நேரத்தில் நூலகத்தில் இருக்க அனுமதி, ஒரே ஒரு நல்ல பையனைப் பக்கத்தில் உட்காரவைப்பது. இதற்கு எந்த நோய்ப்பெயரும் தேவையில்லை. நாளையே தொடங்கலாம்.

பயிற்சித் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். 'பிறர் மனம் அறியும்' பயிற்சிகளைப் பற்றிய 22 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் தொகுத்துப் பார்த்தது. சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிள்ளைகள் கற்கிறார்கள். அது நிலைக்கிறது, அல்லது வேறு சூழலுக்குப் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. சோதனையில் வரும் கேள்விகளையே பயிற்றுவித்துவிட்டு, 24 அமர்வுக்குப் பின் அதே சோதனையில் மதிப்பெண் கூடியதாகக் காட்டுவதும் எளிது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி பின்னால் பேச்சுப் பயிற்சிக்குத் தேவைப்படலாம், பத்திரமாக வையுங்கள்.

மையத்திடம் எழுத்தில் கேளுங்கள்

சோதனை நடத்தியவரின் பெயர், தகுதி, 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் அவருடைய பதிவு எண். மருத்துவ உளவியலாளர் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வரும் தொழில். எந்தச் சோதனையின் எந்த வடிவம், எந்த மொழி. மதிப்பெண்ணை எந்த நாட்டு, எந்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். பொம்மைக் கதையின் மற்ற இரண்டு கேள்விகளுக்குத் தம்பி என்ன சொன்னான். சோதனைத் தாள்களையே தர மறுக்கலாம், அதற்குப் பதிப்புரிமை காரணம் இருக்கும். ஆனால் பிள்ளையைப் பற்றிய தகவலைத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாவலர் என்ற முறையில் அப்பா கேட்கலாம். சண்டையாக வேண்டாம், நான்கு வரிக் கடிதம் போதும்.

மருத்துவமனைக்குப் போகும்போது பழைய அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் முதலில் தம்பியைப் பார்க்கட்டும், உங்கள் குறிப்பேட்டைப் படிக்கட்டும். எழுதி முடித்த ஒரு முடிவு கண்முன் இருந்தால், நல்ல நிபுணருக்கும் அதையே தேடத் தோன்றும். எந்தெந்தச் சோதனைகளை ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், பழகிப்போன கேள்விகளையே மறுபடி கேட்காமல் இருக்க அது உதவும். அப்பாவுக்கு அடுத்த நாள் ஓய்வு இருக்கும்படி தேதி வாங்கி, அவரையும் கூட்டிப் போங்கள். உறுமிச் சத்தத்துக்குத் தம்பி ஓடியபோது அவனைத் தேடிப் பிடித்துத் தூக்கிவந்தவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளில் நடந்ததை மருத்துவரிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும்.